முற்றுகையும் அறமும்

போர் அறத்தோடு பொருந்துமோ பொருந்தாதோ என்னும் வினா மிகப் பழையது. அதற்கு முற்ற முடிந்த விடை காணல் எம் போன்ற மாணாக்கர்க்கு எளிதன்று. ஆதலின் அப்பெரு வினாவின் ஒரு கூற்றினையே ஈண்டு எடுத்துக்கொண்டோம். ஓர் அரசு பகைவரது நகரை வளைத்து, உணவும் மருந்தும் உட்புகாவண்ணம் தடுத்து, பசியினால் அதனைப் பணியவைத்தல் தகுமோ? வில்லும் வேலும் ஒழிந்து பீரங்கியும் வானூர்தியும் வந்த பின்னரும் இம்முறை ஒழிந்திலது. புறநானூறு பயில்வார்க்கு இது புதிய செய்தியும் அன்று.

போரின் அறத்தை ஆராய்ந்த மேனாட்டுச் சான்றோர் இரு வினாக்களைப் பிரித்துரைப்பர். போர் தொடங்குதற்கு நேர்மையான காரணம் உண்டோ என்பது ஒன்று. தொடங்கிய போரை நேர்மையான வழியில் நடத்துகின்றனரோ என்பது மற்றொன்று. 13-ஆம் நூற்றாண்டினராகிய தாமஸ் அக்வினாஸ் முதல் வினாவிற்கு மூன்று வரம்பு வகுத்தார்: போரை அறிவிப்போர் அதற்குரிய ஆட்சியுரிமை உடையராதல் வேண்டும், எதிரி இழைத்த தவறாகிய தக்க காரணம் வேண்டும், நன்மையை நாடும் உள்ளமும் வேண்டும் என்பன அவை. அவர் தமக்கு ஆசானாகக் கொண்ட அகுஸ்தீன் அடிகள், தாம் கண்காணியாராக வீற்றிருந்த ஹிப்போ நகரை வாந்தலர் முற்றியிருந்த காலத்தே, 430-ஆம் ஆண்டில், அம்மதிலகத்திலேயே உயிர் நீத்தார். போரின் நெறியைக் கிறிஸ்தவ உலகிற்கு எடுத்துரைத்தாருள் தலைசிறந்த ஒருவர் ஒரு முற்றுகையின் உள்ளே இறந்தமை எம் நெஞ்சைவிட்டு அகலாத செய்தியாம்.

முதல் வினாவிற்கு 1945-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம் ஒருவாறு வரம்பு கட்டிவிட்டது. தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்தற்பொருட்டுச் செய்யும் போரும், பாதுகாப்பு மன்றத்தின் இசைவு பெற்ற போரும் அல்லாதன ஆகா என்பது அதன் துணிபு. அதனை மீறுவோர் உளர். எனினும் மீறுவோரும் தம்மைத் தற்காப்பினர் என்றே கூறிக்கொள்வது காண்க. யாம் நிற்க விரும்புவது இரண்டாம் வினாவின்கண். என்னை? எம் காரணம் நேர்மையானது, ஆதலின் எம் கை எதுவும் செய்யலாம் என்று ஓர் அரசு எண்ணும் இடத்திலேயே பெருங்கொடுமைகள் முளைவிடுகின்றன.

இனித் தமிழ் நூல்களை நோக்குவோம். மதிலை வளைத்தலும் வளைக்கப்பட்ட மதிலைக் காத்தலும் ஆகிய இரண்டனையும் தொல்காப்பியனார் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கி, அதனை மருதத்திற்குப் புறன் என்றார். காத்தலை நொச்சி எனத் தனித்திணையாகப் பிரித்தது புறப்பொருள் வெண்பாமாலை முதலிய பிற்கால நூல்களின் வழக்கு. எமக்கு முன்னையோர் பகுப்பே ஆழமுடைத்தாகத் தோன்றுகின்றது. புறத்து நிற்போனும் அகத்து நிற்போனும் ஒரே செயலின் இரு பாதிகளைச் செய்கின்றனர். இருவர்க்கும் நடுவே கிடந்து நலிவோர் வேறொருவர். மூவேந்தரும் முற்றிய பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் பாடும்போது, உழவர் உழாது விளையும் மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக் கிழங்கும் தேனும் அங்கு உண்மையால் முற்றுகை பயன்படாது என்கின்றார். வளர்த்த பறவைகள் புறஞ்சென்று நெற்கதிர் கொணர்ந்து அகத்தோரை ஊட்டின என்னும் செய்தியை அகநானூறும் குறிக்கின்றது. போர்த்திறத்தைப் பாடவேண்டிய இடத்தில் புலவர் சோற்றுக் கணக்கைப் பாடுகின்றார்! முற்றுகையின் உயிர்நிலை எங்குளது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இதனினும் சிறந்தது கோவூர்கிழாரது பாட்டு. சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளி, அக்குடியிற் பிறந்த நெடுங்கிள்ளியை ஆவூரில் முற்றியிருந்தான். நெடுங்கிள்ளியோ வாயிலை அடைத்து வாளா உள்ளிருந்தான். அவன்முன் சென்ற புலவர் முதலில் யானைகளைக் காட்டுகின்றார். குளத்தில் நீராடப் பெறாமலும் நெய் பெய்த கவளம் பெறாமலும் கம்பத்தைச் சார்ந்து அவை பெருமூச்செறிகின்றன. பின்னர்ப் பாலின்றி அலறும் குழந்தைகளையும், பூவின்றி வெறுங்கூந்தல் முடியும் மகளிரையும், நீரற்ற மனைகளில் எழும் அழுகையையும் காட்டுகின்றார். இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு இனிதாக இங்கிருத்தல் கொடிது. அறத்தை விரும்பின் உனதே என்று வாயிலைத் திற. மறத்தை விரும்பின் போரிடுதற்குத் திற. இரண்டுமின்றி மதிலுள் ஒடுங்குதல் நாணத்தக்கது என்பது அவர் உரையின் கருத்து.

இப்பாட்டில் யாம் வியப்பது ஒன்றுண்டு. பசியை உண்டாக்கியவன் புறத்து நிற்கும் நலங்கிள்ளி. ஆயினும் புலவர் இடித்துரைப்பது அகத்திருப்போனை. மக்களின் பட்டினியை மதிலாகக் கொண்டு ஒளிந்திருத்தற்கு அவனுக்கு உரிமை இல்லை என்பது அவர் கண்ட நீதி. இங்ஙனம் ஒருபாற் கோடாது, உறையூர் முற்றப்பட்டபோது இருவரையும் நோக்கி, தோற்பது யாரேயாயினும் தோற்பது உங்கள் குடியன்றோ என்று அவர் சந்து செய்ததும் புறநானூற்றில் உளது. இரு பாசறைக்கும் இடையே நடமாடும் புலவர்க்கு இடர் இல்லாமலும் இல்லை. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழாரே அவனை உய்வித்தார். இன்றும் முற்றுகையிடப்பட்ட ஊருக்குள் மருந்து கொண்டு செல்வோர்மேல் முதலில் எழும் ஐயம் இதுவேயாம்.

தமிழர் போரறத்திற்குச் சான்றாக மேடைதோறும் எடுத்துக் காட்டப்படும் பாட்டு வேறொன்று. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது அது. ஆக்களையும் அந்தணரையும் மகளிரையும் பிணியாளரையும் புதல்வரைப் பெறாதவரையும் நோக்கி, எம் அம்புகள் வரப்போகின்றன, நும் அரணைச் சென்று சேர்மின் என்று முன்னறிவித்துப் பொருபவன் அவ்வேந்தன் என்பது அதன் பொருள். பெருமை கொள்ளத்தக்க செய்தியே. ஆயினும் வெறும் பெருமையோடு நின்றுவிடுதல் ஆராய்ச்சியாகாது. பிணியாளர் எங்ஙனம் நடந்து செல்வர்? அரண் என்பது காவலான இடத்தையும் குறிக்கும், கோட்டையையும் குறிக்கும்; கோட்டையே முற்றப்படுமாயின் அங்குப் புகுந்தவர் நிலை யாதாம்? உழவரும் கொல்லரும் ஏன் அப்பட்டியலில் இடம்பெற்றிலர்? அன்றியும், அதே புலவர் அதே வேந்தனைப் பாடிய மற்றொரு பாட்டில், பகைவரது தெருக்களைக் கழுதை பூட்டி உழுததும், விளைவயல்களில் தேரோட்டியதும் புகழாகவே கூறப்படுகின்றன. இவ்விரண்டனையும் சேர்த்துப் படித்தலே நேர்மை. அறிவித்துச் செய்வதனால் மட்டும் ஒரு கொடுமை அறமாகிவிடாது. ஆயினும் அம்பு எவர்மேற் செல்லலாகாது என்று ஒரு வரிசை வகுத்ததே பெரிய தொடக்கம் என்பதில் ஐயமில்லை.

விவிலியத்திலும் இத்தகைய இருமை உண்டு. உபாகமத்தின் இருபதாம் அதிகாரம், ஒரு நகரை அணுகும்போது முதலில் சமாதானம் கூறவேண்டும் என்றும், நெடுநாள் முற்றுகையிட நேரினும் கனி தரும் மரங்களை வெட்டலாகாது என்றும் விதிக்கின்றது. அவ்வதிகாரமே கானான் நாட்டு நகரங்களில் உயிருள்ள எதனையும் விடலாகாது என்றும் கூறுகின்றது. மரத்திற்குக் கிடைத்த இரக்கம் அங்கு மக்களுக்குக் கிடைத்திலது. இதனைப் படிக்கும் கிறிஸ்தவ மாணாக்கர் கண்ணை மூடிக்கொண்டு கடந்து செல்லலாகாது என்பது எம் கருத்து. காவல்மரங்களை மட்டும் வெட்டாது விடுக என்று பாண்டியன் நன்மாறனுக்குக் காரிக்கண்ணனார் கூறிய பாட்டும் ஈண்டு நினைவிற்கு வரும். அவ்வூர்களின் நெல்லைக் கொள்ளினும் கொள்க, ஊரை எரிப்பினும் எரிக்க என்று விட்டுவிட்டு, அம்மரங்கள் நின் யானைகளைக் கட்டுதற்கு ஆற்றா என்று அவர் காரணம் காட்டுகின்றார். அஃது இரக்கமோ நயமான ஏளனமோ, கற்போர் முடிவு செய்க.

இரண்டாம் இராஜாக்கள் ஆகமத்தின் ஆறாம் அதிகாரமோ முற்றுகையின் இரு முகங்களையும் அடுத்தடுத்துக் காட்டுவது. முற்பாதியில், கையகப்பட்ட சீரியப் படையினரைக் கொல்லலாமோ என்று அரசன் கேட்க, அவர்க்கு அப்பமும் தண்ணீரும் கொடுத்து அனுப்புமாறு எலிசா தீர்க்கதரிசி கூறுகின்றார். பிற்பாதியில் பெனாதாத் சமாரியாவை முற்றுகின்றான்; கழுதைத் தலை ஒன்று எண்பது வெள்ளிக் காசுக்கு விலைபோகின்றது; தாயொருத்தி தன் குழந்தையை என் செய்தாள் என்பதை இங்கு எழுத எம் கை கூசுகின்றது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், நகரை முற்றுவோர் நான்கு புறமும் வளைக்காது மூன்று புறமே வளைத்து, ஓட விரும்புவோர்க்கு ஒரு புறத்தைத் திறந்துவிடல் வேண்டும் என்று எழுதி வைத்தார். முற்றுகை பற்றி யாம் படித்த விதிகளுள் இதனினும் எளியதும் இதனினும் நுண்ணியதும் வேறில்லை.

உலகம் நடந்த வழியோ வேறு. கி. மு. 52-இல் ரோமப் படைத்தலைவர் சீசர் அலேசியா நகரை வளைத்தபோது, உணவு குன்றியமையால் நகரினுள் இருந்த கால் நாட்டுப் படையினர் அவ்வூர் மக்களையே பெண்டு பிள்ளைகளோடு வெளியே துரத்தினர். ரோமரோ அவர்களை ஏற்க மறுத்தனர். மதிலுக்கும் அகழுக்கும் நடுவே அகப்பட்ட அவ்வேழைகளை இரு திறத்தாரும் கைவிட்டனர். இது பழங்காலத்துக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிவிடல் இயலாது. ஏனெனின், 1863-இல் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் வெளிவந்த அமெரிக்கப் படைவிதித் தொகுப்பு, பகைவரைப் படைக்கலம் உடையராயினும் இல்லாராயினும் பட்டினியிடல் சட்டத்திற்கு ஒத்தது என்றும், உள்ளிருப்போர் உணவை மிச்சப்படுத்த வெளியேற்றும் குடிமக்களை மீண்டும் உள்ளே துரத்தலும் ஒக்கும் என்றும் உரைத்தது. அதனை இயற்றிய பிரான்சிஸ் லீபர் இரக்கமற்றவர் அல்லர். அடிமைகளையும் சிறைப்பட்டோரையும் காத்தற்கு அத்தொகுப்பிலேயே நல்ல விதிகள் பல செய்தார். அவருடைய மைந்தர் மூவருள் இருவர் வடநாட்டார் பக்கமும் ஒருவர் தென்னாட்டார் பக்கமும் நின்று பொருதனர். தென்னாட்டார் பக்கம் நின்றவர் போரில் உற்ற புண்ணால் மாண்டார். போரின் கொடுமையை வீட்டிலேயே கண்ட அத்தகையோரும், போர் விரைந்து முடியுமாயின் துன்பம் குறையும் என்னும் கணக்கினால் அவ்விதியை எழுதினர்.

அக்கணக்கு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை லெனின்கிராட் நகரம் காட்டிற்று. 1941 செப்டம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானியப் படை அந்நகரின் இறுதித் தரைவழியை அறுத்தது. நகரத்தார் பணிவதாகக் கூறினும் ஏற்கலாகாது என்று அம்மாதத்திலேயே ஜெர்மானியத் தலைமை முடிவு செய்தது. ஊட்டவேண்டிய வாய்கள் அதற்கு வேண்டியிருக்கவில்லை. நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டியும், குழந்தைகள் முதலிய ஏனையோர்க்கு 125 கிராமும் அளக்கப்பட்டன. அந்த ரொட்டியிலும் மாவல்லாத கலப்புப் பொருள்கள் மிகுதி. உறைந்த லடோகா ஏரியின் பனிமேல் வண்டிகளை ஓட்டி ஓரளவு உணவு கொணர்ந்தனர். உலகெங்கும் தொகுத்த விதைகளைக் காத்துநின்ற பயிராராய்ச்சி நிலையத்து அறிஞர் சிலர், அரிசியும் தானியமும் சூழவிருக்க, அவற்றில் ஒரு பிடியும் தொடாது பசியால் இறந்தனர். முற்றுகை 1944 ஜனவரி 27-இல் முற்றும் நீங்கும்போது, பசியாலும் குளிராலும் மாண்ட குடிமக்கள் எட்டு இலட்சத்திற்குக் குறையார் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர்.

போர் முடிந்தபின் அம்முற்றுகையைத் தொடங்கிய படைத்தலைவர் வில்ஹெல்ம் வான் லேப் என்பவரை நியூரன்பர்க்கில் அமெரிக்க நீதிமன்றம் விசாரித்தது. நகரைவிட்டுத் தப்பி வருவோரைப் பீரங்கியாற் சுட்டுத் திருப்புமாறு அவர் கட்டளையிட்டது ஒரு குற்றச்சாட்டு. 1948 அக்டோபரில் தீர்ப்பளித்த நடுவர்கள், சட்டம் வேறாக இருந்திருப்பின் நன்று எனத் தாம் விரும்பினும், இருக்கும் சட்டத்தின்படி அது குற்றமாகாது என்று கூறி அக்குற்றச்சாட்டினின்று அவரை விடுவித்தனர். லீபரின் பழைய விதி எண்பத்தைந்து ஆண்டு கழித்து இங்ஙனம் பயன்பட்டது! வேறொரு குற்றத்திற்காக அவர் பெற்ற மூன்றாண்டுத் தண்டனையும் சிறையில் முன்னரே கழிந்த காலத்தில் அடங்கிவிட்டது. நடுவர்கள் சட்டத்தைப் பிழையாகப் படித்தனர் என்று யாம் கூறவில்லை. சட்டமே பிழைபட்டுக் கிடந்தது.

முற்றுகையை ஆதரிப்போர் கூறும் காரணத்தை நேர்மையாக எடுத்து ஆராய்தல் கடன். உள்ளிருப்போர் எந்நேரமும் பணியலாம். பணியாது பசித்திருத்தல் அவர்தம் விருப்பம். ஆதலின் பழி புறத்தோர்மேற் சாராது என்பர். இவ்வாதம் ஓர் உண்மையை மறைக்கின்றது. பணிவதா வேண்டாவா என்று முடிவு செய்வோர் ஒருவர், பசிப்போர் வேறொருவர். எஞ்சிய உணவு முதற்கண் படைக்கலம் ஏந்தினார்க்கே செல்லும். குழந்தையும் முதியோரும் நோயாளரும் முதலில் மாய்வர். படைத்தலைவன் இறுதியிற் பசிப்பான். வில்லாளி எய்த அம்பு குறித்தவன்மேற் செல்லும். பசியென்னும் அம்போ குறித்தவனை விட்டு அவன்பின் நிற்கும் குழந்தைமேற் பாயும். லெனின்கிராட்டிலோ பணிதற்கு வாயிலே திறந்திருக்கவில்லை என்பதும் மறக்கற்பாலதன்று.

மற்றொரு தடை வலியுடையது. குடிமக்களுக்கென்று விடும் உணவைப் படையினர் பறித்துக்கொள்வரே. குடிமக்களை வெளியேற விட்டால் உள்ளிருக்கும் படைக்கு உணவு நீடித்துப் போரும் நீளுமே என்பது அது. மெய்யே. நேர்மையாகப் பொருவோர்க்கு இதனால் இழப்பு உண்டு. ஆனால் அறநெறி என்பது இழப்பின்றிக் கிடைப்பதாயின் அதனை விதிக்க வேண்டுவதே இல்லையன்றோ? உணவை நடுநிலையாளர் மேற்பார்வையில் பகிர்வித்தல் கூடும். வெளியேறும் வழியைச் சுடாது விடல் கூடும். உள்ளிருப்போன் வாயிலை அடைத்து மக்களைத் தடுப்பானாயின் அவன் பெரும்பழிக்கு ஆளாவான். எனினும் அதனால் புறத்திருப்போன் பழி அவனுக்கு மாறிச் சென்றுவிடாது. இருவர் சேர்ந்து ஒருவனைக் கொல்லும்போது குற்றம் பாதியாகக் குறைவதில்லை.

சட்டம் மெல்லத் திருந்திற்று. 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, முற்றப்பட்ட இடங்களினின்று பிணியாளர், முதியோர், குழந்தைகள், மகப்பேற்று மகளிர் ஆகியோரை வெளியேற்ற இரு திறத்தாரும் உடன்பாடு காண முயலவேண்டும் என்றது. நெட்டிமையாரின் வரிசை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கழித்து வேறுருவில் வந்தாற் போலும்! 'முயலவேண்டும்' என்பதோடு நின்றது அதன் குறை. 1977-இல் இயற்றிய கூடுதல் உடன்படிக்கையே, குடிமக்களைப் பட்டினியிடுதலைப் போர்முறையாகக் கொள்ளலாகாது என்று ஐயத்திற்கிடமின்றி விலக்கி, உணவும் பயிரும் குடிநீர் நிலையங்களும் அழித்தற்குரியன அல்ல என்றது. இந்தியா இவ்வுடன்படிக்கையில் இன்னும் சேர்ந்திலது என்பதை இந்நாட்டு மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று. 1998-இல் ரோம் நகரில் நிறுவிய சட்டம் அச்செயலைப் போர்க்குற்றமாக்கியது. 2018 மே மாதத்தில் பாதுகாப்பு மன்றமும் அதனைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. படைவீரரை மட்டும் பசிக்கவைத்தல் இன்றும் விலக்கப்படவில்லை. வீரரும் குடிகளும் ஓர் ஊரிற் கலந்திருக்கும்போது இவ்வேறுபாடு எங்ஙனம் நிற்கும் என்பதே அறிஞர் இன்றும் வாதிடும் இடம்.

இவ்வாதம் தமிழர்க்கு ஏட்டளவில் நிற்பதன்று. 2009-ஆம் ஆண்டின் முதல் ஐந்து திங்களில், ஈழத்து வன்னியின் கீழ்கரையில், கடலுக்கும் படைக்கும் இடையே நாடோறும் குறுகிவந்த நிலத்தில் இலக்கக்கணக்கான தமிழ் மக்கள் அடைபட்டனர். ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011-இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கை அரசு தான் தாக்குதலற்றதென அறிவித்த பகுதிகளிலும் மருத்துவமனைகளிலும் குண்டு வீழ்த்தியது, உள்ளிருந்தோர் தொகையைக் குறைத்துக் காட்டி உணவும் மருந்தும் போதிய அளவு செல்லாது செய்தது என்னும் குற்றச்சாட்டுக்கள் நம்பத்தக்கன என்றது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவொட்டாது தடுத்தனர், தப்ப முயன்றோரைச் சுட்டனர் என்னும் குற்றச்சாட்டுக்களும் நம்பத்தக்கன என்றது. இலங்கை அரசு அவ்வறிக்கையை மறுத்தது. ஒரு பாதியை மட்டும் உரக்கப் பேசுவோர் இரு பக்கத்தும் மிகுதி. ஆவூர் மதிலகத்தில் நெடுங்கிள்ளியிடம் பேசிய புலவர் முள்ளிவாய்க்காலில் நின்றிருப்பின் எவரிடம் முதலிற் சென்றிருப்பார் என்று எம் வகுப்பில் ஒரு நாள் வாதம் எழுந்தது. மணி அடித்த பின்னும் அது முடியவில்லை.

நிலத்து முற்றுகையை விடக் கடல் முற்றுகை கண்ணிற்குப் புலப்படாதது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனிக்குச் செல்லும் கப்பல்களைத் தடுத்தது. 1918 நவம்பரில் போர் ஓய்ந்த பின்னரும் 1919 ஜூலை வரை அத்தடை நீடித்தது. வென்ற நாட்டிலிருந்தே அதனைக் கண்டித்தோர் சிலர். எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கில மாது, பசியால் நலிந்த ஆஸ்திரியக் குழந்தைகளின் படம் பொறித்த துண்டுத்தாள்களை லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கியதற்காகக் கைதுசெய்யப்பட்டார். தணிக்கைக்கு உட்படுத்தாது அச்சிட்டமை அவர்மேற் சாட்டிய குற்றம். நீதிமன்றம் ஐந்து பவுன் தண்டம் விதித்தது. வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரே அத்தொகையைத் தம் கையிலிருந்து அம்மாதிடம் தந்தார் என்பர். பகைநாட்டுக் குழந்தைகளுக்கு உணவளித்தற்கென அதே மே மாதத்தில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் தொடங்கிய நிதிக்கு வந்த முதற் கொடைகளுள் அந்த ஐந்து பவுனும் ஒன்று.